மெட்கர் எவர்ஸின் வீட்டுக்கு ஏன் வாசற்கதவு இல்லை?

குளத்தங்கரை:

மார்ட்டின் லூதர் கிங்கைத் தெரிந்த அளவுக்கு நம்மில் பலருக்கு அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸைத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அவருடைய சாவுதான் தெரியும். 1963 ஜூன் 12, நள்ளிரவு தாண்டிய நேரம், சொந்த வீட்டு போர்டிகோவில் முதுகில் ஒரு குண்டு. வயது 37. நான் எழுத வந்தது அந்தச் சாவைப் பற்றி அல்ல, அந்த வீட்டைப் பற்றி.

மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் கைன்ஸ் தெரு என்று ஒன்று. கறுப்பினத்தவர்களே மனை பிரித்து, கறுப்பின நடுத்தரக் குடும்பங்களுக்காகக் கட்டிய வீடுகள். எல்லாம் ஒரே தளம், ஏறக்குறைய ஒரே அச்சு. எவர்ஸ் வீட்டுக்கு மட்டும் தெருப்பக்கம் கதவு கிடையாது. காரை போர்டிகோவில் ஏற்றி நிறுத்திவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

வாசலில் யாரோ தட்டுகிறார்கள் என்று கதவைத் திறந்தால், திறக்கிறவர் தெருவுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டி வரும். அதனால் வாசலே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார். பிள்ளைகள் அறையில் ஜன்னல் உயரத்தில் இருக்கும், மெத்தைகள் கட்டில் இல்லாமல் தரையில் கிடக்கும். வெளியிலிருந்து சுட்டால் குண்டு தூங்குகிற பிள்ளைகளின் தலைக்கு மேலே போக வேண்டும் என்பது கணக்கு. காரை விட்டு இறங்கும்போது வீட்டுக் கதவை ஒட்டிய பக்கமாகவே இறங்க வேண்டும் என்று ஒரு விதி. பிள்ளைகளுக்கு இன்னொரு பயிற்சி: வெடிச்சத்தம் கேட்டால் உடனே தரையில் படு, தவழ்ந்து குளியலறைக்குப் போ, தொட்டிக்குள் இறங்கிக்கொள். பெரியதுகள் இரண்டும் கடைக்குட்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

அவருடைய போராட்டத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இரண்டாம் உலகப்போருக்குப் போய்வந்த ஒரு சிப்பாய், போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, மூன்று பிள்ளைகளுக்கு வீடு அமைத்துக்கொண்ட விதத்தை யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த மனிதர் புரிந்ததே இந்த வீட்டின் மூலம்தான்.

மழைக்கோட்டு:

என் அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகியும் ஓட்டலில் கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். இதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு கேள்வி. எவர்ஸ் போர்முனையில் சண்டை போட்டவரா? "போர்வீரர்" என்று எல்லா இடத்திலும் போடுகிறார்கள், எந்தச் சண்டை என்று யாரும் எழுதுவதில்லை.

பழைய பேப்பர்:

துப்பாக்கி தூக்கிக்கொண்டு முன்வரிசையில் ஓடியவர் இல்லை. 657ஆவது துறைமுகக் கம்பெனி. கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிற பிரிவு. 1943இல் பதினெட்டு வயதில் சேர்ந்தார். இங்கிலாந்து, அப்புறம் நார்மண்டி, பிரான்ஸ். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் வெள்ளையர் பிரிவு வேறு, கறுப்பினத்தவர் பிரிவு வேறு. கறுப்பினத்தவர்களில் பெரும்பாலோரை மூட்டை இறக்கவும் லாரி ஓட்டவும் சாலை போடவும்தான் வைத்திருந்தார்கள். பிரான்சில் படைகள் வேகமாக முன்னேறியபோது பெட்ரோலும் குண்டும் கொண்டுபோன ரெட் பால் எக்ஸ்பிரஸ் லாரி ஓட்டுநர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் கறுப்பினத்தவர்கள். அந்த லாரிகள் நின்றிருந்தால் முன்னால் போன டாங்கிகளும் நின்றிருக்கும்.

அதனால் "எந்தச் சண்டை" என்ற கேள்வியே கொஞ்சம் தவறு. சண்டை போடுகிற வேலையை அவர்களுக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மேல் அல்ல.

மழைக்கோட்டு:

சரி, ஒத்துக்கொள்கிறேன். கேட்டதே நல்லதாகப் போயிற்று.

பழைய பேப்பர்:

இன்னும் ஒன்று. திரும்பி வந்த பிறகு நடந்தது. 1946 ஜூலை 2, அவருடைய இருபத்தொன்றாவது பிறந்தநாள். அண்ணன் சார்ல்ஸும் இன்னும் சில கறுப்பின முன்னாள் சிப்பாய்களும் சேர்ந்து சொந்த ஊரான டெக்கேட்டரில் ஓட்டுப் போடப் போனார்கள். துப்பாக்கியோடு வெள்ளையர் கூட்டம் வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. அதில் சிலர் இவர்கள் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய முகங்கள்.

அதே வருடம் பிப்ரவரியில் தென் கரோலினாவில் ஐசக் வுடார்ட் என்ற கறுப்பினச் சிப்பாய், ராணுவத்திலிருந்து விடுபட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பேருந்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஓட்டுநரோடு வாய்த்தகராறு. போலீஸ் இறக்கி அடித்ததில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அடித்த அதிகாரியை வெள்ளையர் ஜூரி விடுவித்தது. ஜனாதிபதி ட்ரூமனை உலுக்கிய சம்பவங்களில் அது ஒன்று. 1948 ஜூலையில் ராணுவத்தில் இனப்பாகுபாட்டை ஒழிக்கும் உத்தரவில் அவர் கையெழுத்துப் போட்டார்.

முன்னாள் சிப்பாய்களுக்கு அரசு உத்தரவாதத்தில் வீட்டுக்கடன், தொழில்கடன் கொடுத்தார்களே, அந்தக் கணக்கையும் பாருங்கள். 1947இல் மிசிசிப்பியின் பதின்மூன்று நகரங்களில் எடுத்த கணக்கெடுப்பில் மொத்தம் 3,229 கடன்கள். அதில் கறுப்பினத்தவர்களுக்குப் போனது 2. எழுத்துப்பிழை இல்லை, இரண்டேதான்.

செம்பருத்தி:

ஆண்கள் எல்லாம் போரையும் கடனையும் பேசுகிறீர்கள். மெட்கரின் மனைவி மிர்லியை யாரும் தொடவில்லையே.

1950. ஆல்கார்ன் கல்லூரியில் முதல் நாள். பதினேழு வயதுப் பெண், விக்ஸ்பர்க் ஊர், பாட்டியும் அத்தையும் வளர்த்தவள், இருவரும் ஆசிரியைகள். கல்லூரிக்கு அனுப்பும்போது அவர்கள் சொன்ன புத்திமதி: போருக்குப் போய்வந்த பையன்கள் அங்கே படிக்கிறார்கள், அவர்கள் பக்கமே போகாதே. அவள் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நிற்கிறாள். கால்பந்துக்காரர் ஒருவர் வந்து, "அந்தக் கம்பத்தில் சாயாதே, ஷாக் அடித்துவிடும்" என்கிறார். அவர்தான் மெட்கர். போருக்குப் போய்வந்தவர், அவளைவிட எட்டு வயது மூத்தவர். பாட்டி எதைச் சொன்னாரோ அதுவேதான் நடந்தது! 1951 டிசம்பர் 24இல் கல்யாணம்.

அப்புறம் மவுண்ட் பையூ. மிசிசிப்பி டெல்டாவில் கறுப்பினத்தவர்களே உருவாக்கிய ஊர். மெட்கர் அங்கே ஒரு கறுப்பின டாக்டரின் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசி விற்றார். விற்கப் போன இடத்தில்தான் பருத்திக்காட்டுக் குத்தகைக் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று பார்த்தார். அந்தக் காலத்தில் அவர்கள் காரில் ஒட்டிய ஸ்டிக்கர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: "கழிப்பறையைப் பயன்படுத்த விடாத இடத்தில் பெட்ரோல் போடாதே." அவ்வளவு பெரிய அநியாயத்தை வண்டிக்காரன் கணக்கில் இறக்கிக் காட்டிய வரி.

முதல் பிள்ளை 1953இல் பிறந்தான். கென்யாவில் ஜோமோ கென்யாட்டா சிறையில் இருந்த சமயம். மெட்கருக்கு அவர்மேல் பெரிய மரியாதை, பிள்ளைக்குக் கென்யாட்டா என்றே பெயர் வைக்க ஆசை. மிர்லி பிறப்புச் சான்றிதழில் முன்னால் "டரெல்" என்று சேர்த்துவிட்டார். டரெல் கென்யாட்டா எவர்ஸ். மிசிசிப்பியில் அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டுமே என்று ஒரு தாய் யோசித்திருக்கிறாள். நான் மிர்லி கட்சி.

தனிவழி:

கொஞ்சம் எதிர்த்துச் சொல்ல விடுங்கள். வாசற்கதவை எடுத்தார், மெத்தையைத் தரையில் போட்டார், எல்லாம் சரி. கடைசியில் அதே போர்டிகோவில்தானே விழுந்தார்? இவ்வளவு தெரிந்த மனிதர் குடும்பத்தோடு வேறு மாநிலம் போயிருக்கலாம். லட்சக்கணக்கான கறுப்பினத்தவர்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. "குடும்பஸ்தர்" என்று புகழ்கிறோம், மூன்று சின்னப் பிள்ளைகளைக் குண்டு வரும் வீட்டில் வைத்திருந்ததும் அதே குடும்பஸ்தர்தான். மிர்லிக்கும் இதில் மனத்தாங்கல் இருந்தது என்று படித்திருக்கிறேன்.

செம்பருத்தி:

இருந்தது. அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நீ அந்த வேலையை மணந்தவரா என்னை மணந்தவரா என்று சண்டை போடாத மனைவியாக அவரைக் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் அவர் வெளியில் நின்று பார்த்தவரும் இல்லை. 1954 டிசம்பரில் மெட்கர், கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் முதல் மிசிசிப்பி களச்செயலாளர் ஆனபோது அலுவலகச் செயலாளர் வேலைக்கு வந்ததே மிர்லிதான். அங்கே ஒருவரையொருவர் "மிஸ்டர் எவர்ஸ்", "மிஸஸ் எவர்ஸ்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது மெட்கரின் கண்டிப்பு. புருஷனை மிஸ்டர் போட்டுக் கூப்பிடுவதா என்று நமக்குச் சிரிப்பு வரும். கறுப்பின ஆணை எத்தனை வயதானாலும் "பாய்" என்றும் பெண்ணை வெறும் பெயர் சொல்லியும் கூப்பிட்ட ஊரில் அது சிரிக்கிற விஷயம் இல்லை.

குளத்தங்கரை:

தனிவழி, உங்கள் கேள்வி நியாயமானது. முழுப் பதில் என்னிடம் இல்லை, என்னால் சொல்ல முடிந்தது இது.

மெட்கருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அவர் அப்பாவின் நண்பர் டிங்கிள் என்பவரை, வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக்குறைவாகப் பேசினார் என்று சொல்லி, தெருவில் இழுத்துப்போய்க் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டார்கள். ரத்தக்கறை படிந்த அவருடைய துணிகள் அந்த வயல்வெளியிலேயே ரொம்ப நாள் கிடந்தன. பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போய்வர வேண்டும். இந்த ஊரை விட்டுவிட்டுப் போனால் அந்தத் துணி அங்கேயே கிடக்கும் என்று அவர் நினைத்திருப்பார் என்பது என் ஊகம். 1955இல் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுப் பையன் கொல்லப்பட்டபோது, பருத்திக்காட்டுக் கூலி மாதிரி பழந்துணி உடுத்திக்கொண்டு சாட்சிகளைத் தேடி அலைந்தவர்களில் இவரும் ஒருவர்.

அகிம்சை என்ற பேச்சும் வரும், அதனால் சொல்லிவிடுகிறேன். வீட்டிலும் காரிலும் துப்பாக்கி வைத்திருந்தார். கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சிக்காரர்கள் மாதிரி ஆயுதம் எடுக்கலாமா என்றுகூட ஒரு காலத்தில் யோசித்து, வேண்டாம் என்று விட்டவர். ஒழுங்காகச் சட்டகம் போட்டு மாட்டுகிற புனிதர் படம் இல்லை அது.

செம்பருத்தி:

அந்தக் கடைசி வாரங்களை எழுதிவிடுகிறேன், யாராவது எழுதத்தானே வேண்டும்.

1963 மே 20. ஜாக்சனின் டபிள்யூ.எல்.பி.டி. தொலைக்காட்சியில் அவருக்குப் பதினேழு நிமிடம் கிடைத்தது. அதுவரை வெள்ளையர் வீடுகளில் அவர் பெயர்தான் தெரியும், அன்றைக்கு முகமும் தெரிந்துவிட்டது. மே 28, கடைத்தெருவில் வுல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்து, தலையில் கெச்சப்பும் கடுகுச் சாந்தும் கொட்டப்பட்ட நாள். அந்த நாட்களில்தான் எவர்ஸ் வீட்டு போர்டிகோவில் பெட்ரோல் குண்டு வந்து விழுந்தது. மெட்கர் வீட்டில் இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற குழாயை எடுத்து மிர்லியே அணைத்தார்.

ஒருநாள் மிர்லி சட்டைகளைத் தேய்த்து அடுக்கிவைத்தாராம். இவ்வளவு சட்டை எனக்குத் தேவைப்படாது என்று மெட்கர் சொன்னாராம். மிர்லி பிற்காலத்தில் சொன்னது இது.

ஜூன் 11 இரவு ஜனாதிபதி கென்னடி தொலைக்காட்சியில் சிவில் உரிமைகள் பற்றிப் பேசினார். அப்பா வரும்வரை முழித்திருக்கலாம் என்று அன்றைக்குப் பிள்ளைகளுக்கு அனுமதி. அம்மாவோடு கட்டிலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவு தாண்டிக் கார் சத்தம். எப்போதும் இறங்குகிற பக்கம் விட்டு அன்றைக்கு ஓட்டுநர் பக்கமாக இறங்கினார். கையில் பனியன் கட்டு, அதில் "ஜிம் க்ரோ ஒழிய வேண்டும்" என்று அச்சடித்திருந்தது. வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்துவைத்த சட்டங்களுக்குத்தான் ஜிம் க்ரோ என்று பெயர். எதிரே புதரில் ஒளிந்திருந்தவன் சுட்டது ஒரே குண்டு. அது அவர் உடம்பைத் துளைத்து, ஜன்னலை உடைத்து, சுவரைத் துளைத்து, சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியில் மோதித் தெறித்தது.

பிள்ளைகள் மூவரும் தரையில் விழுந்தார்கள். சொல்லிக்கொடுத்தபடியே.

தனிவழி:

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

வாய்தா:

வழக்குப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன், தொழில் அதுதான்.

சுட்டது பைரன் டி லா பெக்வித், உர விற்பனையாளர். இந்த இழைக்கு ரொம்பச் சம்பந்தமான விஷயம்: அவனும் இரண்டாம் உலகப்போர் சிப்பாய். மரைன் படை. பசிபிக்கில் தராவா சண்டையில் காயம்பட்டு பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வாங்கியவன். ஒரே போருக்குப் போன இருவரில் ஒருவர் பிள்ளைகளைத் தரையில் படுக்கவைக்கக் கற்றுவந்தார், இன்னொருவன் புதரில் பதுங்கிச் சுடக் கற்றுவந்தான். சுட்ட துப்பாக்கியும் 1917 மாடல் என்ஃபீல்டு, ராணுவச் சரக்கு. புதரருகே கிடந்த அதன் தொலைநோக்கியில் அவன் கைரேகை இருந்தது.

1964இல் இரண்டு விசாரணை. இரண்டிலும் ஜூரி முழுக்க வெள்ளை ஆண்கள், இரண்டிலும் ஒருமனதாகத் தீர்ப்பு வரவில்லை. மிர்லி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த விசாரணையில், முன்னாள் ஆளுநர் ராஸ் பார்னெட் உள்ளே வந்து குற்றவாளியின் கையைக் குலுக்கினார். ஜூரிக்கு அதைவிடத் தெளிவாக எதைச் சொல்ல முடியும்?

இருபத்தைந்து வருடம் கழித்து, 1989இல், ஒரு செய்தி வெளியானது. கறுப்பினத்தவர் உரிமைகளை எதிர்க்கவே மாநில அரசு நடத்திய ஒரு ஆணையம், இரண்டாவது விசாரணையில் பெக்வித் தரப்புக்காக ஜூரிகளைப் பற்றி விசாரித்துக் கொடுத்திருக்கிறது. அதை வைத்து மிர்லி மறுபடி கதவைத் தட்டினார். நீதிமன்றத்தில் பழைய சாட்சியப் பதிவு காணோம். மிர்லியிடம் ஒரு பிரதி இருந்தது, அத்தனை வருடமும் பத்திரமாக வைத்திருந்தார். துப்பாக்கி காணோம். தேடினால், புது வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞருடைய காலமான மாமனார் வீட்டில் கிடைத்தது. மாமனார் ஒரு நீதிபதி, நினைவுப்பொருளாக எடுத்துவைத்திருக்கிறார்! நான் பார்த்த சாட்சிப்பொருள் அறைகளை நினைத்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1994 பிப்ரவரி 5, மூன்றாவது ஜூரி குற்றவாளி என்றது. அவனுக்கு அப்போது வயது 73. சிறையிலிருந்தபடியே 2001இல் செத்தான்.

மழைக்கோட்டு:

மெட்கரை எங்கே அடக்கம் செய்தார்கள்? ஆர்லிங்டன் என்று படித்த ஞாபகம்.

பழைய பேப்பர்:

ஆமாம், ஆர்லிங்டன் தேசியக் கல்லறை. 1963 ஜூன் 19, முழு ராணுவ மரியாதை, மூவாயிரம் பேர் போல வந்திருந்தார்கள். சொந்த ஊரில் ஓட்டுப் போட விடாத அரசாங்கம், செத்த பிறகு கொடி மடித்துக் கொடுத்தது. அதன்பின் மிர்லியையும் பிள்ளைகளையும் கென்னடி வெள்ளை மாளிகையில் வரவேற்றுப் பேசினார். ஐந்து மாதத்தில் அவரும் அதே கல்லறைக்கு வந்து சேர்ந்தார்.

இன்னொரு தகவல், எனக்கு மிகவும் பிடித்தது. 2011இல் அமெரிக்கக் கடற்படை ஒரு கப்பலுக்கு மெட்கர் எவர்ஸ் என்று பெயர் வைத்தது, மிர்லிதான் பெயர்சூட்டினார். போர்க்கப்பல் இல்லை. மற்றக் கப்பல்களுக்கு உணவும் வெடிபொருளும் கொண்டுபோகிற சரக்குக் கப்பல். பெயர் வைத்தவர்கள் 657ஆவது துறைமுகக் கம்பெனியை நினைத்துத்தான் வைத்தார்களா தெரியாது, எனக்கு அதுவே சரியான கப்பலாகப் படுகிறது.

தனிவழி:

வீடு இப்போது?

குளத்தங்கரை:

இருக்கிறது. மிர்லி அதை 1993இல் டூகலூ கல்லூரிக்குக் கொடுத்தார், 2020 டிசம்பரிலிருந்து மத்திய அரசின் தேசிய நினைவிடம். தெருவின் பெயர்தான் மாறிவிட்டது. கொலைக்கு அடுத்த வருடமே மிர்லி பிள்ளைகளோடு கலிஃபோர்னியா போய்விட்டார், அங்கே விட்ட படிப்பைத் தொடர்ந்து பட்டம் வாங்கினார், 1995இல் என்.ஏ.ஏ.சி.பி. இயக்குநர் குழுவுக்கே தலைவர் ஆனார். ஊரைவிட்டுப் போவதற்கு முன், போர்டிகோ சிமெண்டுத் தரையில் படிந்த ரத்தக்கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிப் பார்த்திருக்கிறார்.

வாய்தா:

ஒன்று விட்டுப்போயிற்று. 1991இல் புது வழக்குக்காகப் பிரேதப் பரிசோதனை மறுபடி செய்ய வேண்டியிருந்தது, பழைய அறிக்கையும் காணாமல் போயிருந்தது. ஆர்லிங்டனில் தோண்டி எடுத்தார்கள். இருபத்தெட்டு வருடம் மண்ணுக்குள் இருந்த உடல் அதிகம் கெடாமல் இருந்தது, அப்படி இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசி மகன் வான் அங்கே போயிருந்தார். அப்பா சுடப்பட்ட இரவில் அக்காவும் அண்ணனும் இழுத்துக்கொண்டு போன அந்தக் கடைக்குட்டி. அப்போது வயது மூன்று, அப்பா முகம் ஞாபகமில்லை. பெட்டியைத் திறந்தபோது முகத்தைப் பார்த்தார். அவருக்கு அப்போது 31 வயது, பெட்டிக்குள் இருந்தவருக்கு 37.